கயிறு தொய்வாக இருக்கட்டும்: நாயை நடைக்குப் பழக்குவதற்கான முழு வழிகாட்டி

நாய் கயிற்றை இழுப்பதற்குப் பிடிவாதமோ, வீட்டாரை அடக்கியாளும் எண்ணமோ காரணமன்று. மனிதரின் இயல்பான நடைவேகம் நாயின் நான்கு கால்களுக்குப் போதுவதில்லை. அது மோந்து பார்க்க விரும்பும் இடம் எப்போதும் சில அடிகள் முன்னால் இருக்கிறது. இழுத்தால் அந்த இடம் கிடைத்தும் விடுகிறது. இழுத்தால் கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்துகொண்ட நாய் மறுமுறை இழுக்காமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. நம் ஊர்களில் இதனுடன் இன்னொன்றும் சேர்கிறது. பகல் முழுவதும் வாசல் கம்பியிலோ மாடிப்படியின் கீழோ சங்கிலியால் கட்டப்பட்டிருக்கும் நாய், கழுத்தில் இறுக்கம் இருப்பதே இயல்பு நிலை என்று கற்றுக்கொள்கிறது. கூரியர்காரர் வரும்போதும், பூனை ஓடும்போதும், குழந்தைகள் பள்ளியிலிருந்து திரும்பும்போதும் சங்கிலியின் எல்லைவரை பாய்ந்து பாய்ந்து பழகிய அந்த நாயிடம், மாலையில் மட்டும் தொய்ந்த கயிற்றோடு நடக்க எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே பயிற்சியைத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, கட்டிப்போடும் நேரத்தைக் குறைப்பதுதான். கட்டாமல் முடியாது என்ற நிலை இருந்தால், கட்டுவதற்கு ஒரு பட்டையும் நடைக்கு வேறொரு பட்டையும் வைத்துக்கொள்வது அவசியம். நடைப்பட்டை உடலில் ஏறினால் வேறு விதி நடைமுறைக்கு வருகிறது என்பதை நாய் விரைவில் புரிந்துகொள்ளும்.

இந்த வழிகாட்டியின் நோக்கம், நாயை உரிமையாளரின் முழங்காலோடு ஒட்டி நடக்க வைப்பதன்று. அது போட்டிகளில் பார்க்கும் நடை. அன்றாட உலாவுக்குத் தேவையில்லை. நமக்கு வேண்டியது, பெரும்பாலான நேரம் கயிறு தொய்வாகத் தொங்குவதும், அது இறுகியவுடன் நாய் தானாகத் திரும்பிப் பார்ப்பதும் மட்டுமே. கயிறு வாகனத்தில் இருக்கும் சீட் பெல்ட்டைப் போன்றது. ஆபத்தில் காப்பாற்றுவது அதன் வேலை, வண்டியை ஓட்டுவது அதன் வேலையன்று.

எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது

பெரும்பாலான நாய்களுக்கு மார்பைச் சுற்றி அணியும் ஹார்னெஸ் சிறந்தது. முன்புறம் ஆங்கில ‘ஒய்’ எழுத்தின் வடிவில் இருந்து, தோள்மூட்டுகளைக் குறுக்காக அழுத்தாததாகப் பார்த்து வாங்க வேண்டும். முதுகில் ஒரு வளையமும் மார்பில் ஒரு வளையமும் இருந்தால் நல்லது. மார்பு வளையத்தில் கயிற்றை மாட்டும்போது, இழுக்கும் நாயின் உடல் உரிமையாளர் பக்கமாகத் திரும்பிவிடுவதால் இழுப்பின் வலு குறைகிறது. பட்டைக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழையும் அளவு இடம் இருக்க வேண்டும். முன்னங்காலின் பின்புறம் உராயக் கூடாது.

கழுத்துப்பட்டையை அடையாளத் தகடு தொங்கவிடப் பயன்படுத்தலாம். இழுக்கும் பழக்கமுள்ள நாய்க்கு அதிலேயே கயிற்றை மாட்டுவது நல்லதன்று, ஏனெனில் மூச்சுக்குழாய் அழுந்துகிறது. நாய் கழுத்துப்பட்டையை எதிர்த்து இழுக்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் உயர்வதையும், ஹார்னெஸில் அவ்வாறு உயராததையும் 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. பக் போன்ற முகம் தட்டையான இனங்களுக்கு இது கூடுதல் எச்சரிக்கை.

சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் வேட்டை நாய்களை வளர்ப்பவர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இவற்றின் தலை ஒடுங்கியது; கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. சாதாரண கழுத்துப்பட்டை அணிந்த சிப்பிப்பாறை, பின்னோக்கி இரண்டு அடி வைத்தால் பட்டை கையில் மிஞ்சும், நாய் தெருமுனையில் இருக்கும். மார்புக் கூட்டின் பின்னால் இடுப்பருகே மூன்றாவதாக ஒரு பட்டை உள்ள ஹார்னெஸ், அல்லது இழுக்கும்போது ஓரளவு மட்டும் இறுகி அதற்குமேல் இறுகாத மார்ட்டிங்கேல் வகைப் பட்டை இவற்றுக்குப் பொருந்தும்.

கயிறு ஐந்து அல்லது ஆறு அடி நீளமுள்ள, தட்டையான நைலான் அல்லது பருத்திக் கயிறாக இருக்கட்டும். கடைகளில் கவர்ச்சியாகத் தொங்கும், பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் சுருள்கயிற்றை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அதன் உள்ளே இருக்கும் வில்சுருள் எப்போதும் மெல்லிய இழுப்பைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், இழுத்தால்தான் கயிறு நீளும் என்ற பாடத்தை அதுவே கற்பிக்கிறது. நடைபாதையற்ற சாலையில் பதினைந்து அடி தூரத்தில் நிற்கும் நாயை ஆட்டோவிடமிருந்து காப்பாற்றவும் முடியாது. இரும்புச் சங்கிலி கையைக் கிழிக்கும். இழுத்தால் கழுத்தை நெரிக்கும் சோக் செயினும் முள்பட்டையும் வலியால் வேலை செய்பவை. வலி எங்கிருந்து வருகிறது என்பதை நாய் நாம் நினைக்கும் விதத்தில் புரிந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எதிரே வந்த குழந்தையைப் பார்த்த நொடியில் கழுத்து நெரிந்தால், குழந்தையைக் கண்டாலே வலிக்கும் என்று அது முடிவு செய்யக்கூடும்.

எந்த வயதில் தொடங்குவது

வீட்டுக்குள் பயிற்சியை எட்டு வாரக் குட்டியிடமே தொடங்கலாம். தெருவில் இறக்கி நடத்துவது வேறு விஷயம். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய கொடிய தொற்றுநோய்களுக்கான தடுப்பூசிகள் மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை தொடர்கின்றன; ரேபிஸ் ஊசி மூன்று மாத அளவில் போடப்படுகிறது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், இந்த ஊசிகள் முடியும் முன் தெருநாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியை இறக்கிவிடக் கூடாது. அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதும் தவறு. மூன்று வாரத்திலிருந்து சுமார் பதினான்கு வாரம்வரைதான் உலகத்தை அச்சமின்றி ஏற்கும் பருவம். அந்தக் காலத்தில் குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை சென்று பேருந்துச் சத்தம், கோயில் மேளம், காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி, ஹெல்மெட் அணிந்த முகங்கள் ஆகியவற்றைப் பார்க்கவும் கேட்கவும் வைத்தால், பிற்காலத்து நடைப்பயிற்சியில் பாதி அப்போதே முடிந்துவிடும்.

முதற்படி: பட்டையை விரும்பச் செய்தல்

ஹார்னெஸைக் கையில் பிடித்து, அதன் கழுத்து வளையத்தின் வழியாக ஒரு துண்டு வேகவைத்த கோழியை நீட்டுங்கள். நாய் தானாகத் தலையை நுழைத்து எடுத்துக்கொள்ளட்டும். இதைப் பலமுறை செய்த பிறகே கொக்கிகளை மாட்ட வேண்டும். மாட்டியவுடன் சாப்பாடு வைப்பதோ விளையாடுவதோ நல்லது. அணிந்ததையே அது மறந்துவிடும். சில நாய்கள் சிலையாக உறைந்து நிற்கும். அவற்றை இழுக்காமல், தீனியைத் தரையில் இரண்டடி தள்ளிப் போட்டால் மெல்ல நகரத் தொடங்கும்.

தீனித் துண்டு கொண்டைக்கடலை அளவைத் தாண்டக் கூடாது. கோழி, முட்டை, பனீர், வேகவைத்த ஈரல் ஆகியவை வாசனையால் ஈர்ப்பவை. திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பயிற்சியில் கொடுக்கும் அளவை அன்றைய உணவில் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம்படி: கயிறில்லாமல் பக்கத்தில் நடத்தல்

பாராட்டுச் சொல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ‘சரி’ போன்ற சொல்லை நாம் நாள் முழுவதும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருப்போம். ஆகவே ‘சபாஷ்’ போல அடிக்கடி வாயில் வராத, சுருக்கமான சொல் பொருத்தமானது. சொல்லைச் சொல்லி உடனே தீனி கொடுப்பதைச் சில முறை செய்தால், அந்த ஒலி கேட்டதும் நாயின் முகம் உங்கள் பக்கம் திரும்பும். பிறகு கூடத்திலோ மொட்டைமாடியிலோ நீங்கள் நடங்கள். நாய் உங்கள் காலருகே வரும் கணத்தில் ‘சபாஷ்’ சொல்லி, தொடையின் பக்கத்தில் கையைத் தாழ்த்தி அங்கேயே தீனியைக் கொடுங்கள். கொடுக்கும் இடம் மிக முக்கியம். முன்னால் நீட்டிக் கொடுத்தால் நாய் முன்னாலேயே நடக்கப் பழகும்.

எந்தப் பக்கம் என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். இடப்பக்கம் என்பது போட்டி விதி. நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறம் செல்கின்றன. நடைபாதை இல்லாத சாலையில் எதிர்வரும் வாகனங்களைப் பார்த்தபடி வலது ஓரமாக நடப்பதே பாதுகாப்பு. அப்போது நாய் உங்கள் வலப்பக்கம் இருந்தால்தான் வண்டிக்கும் அதற்கும் இடையில் நீங்கள் இருப்பீர்கள்.

மூன்றாம்படி: கயிற்றின் மொழி

வீட்டுக்குள் கயிற்றை மாட்டி, முதலில் தரையில் இழைய விடுங்கள். பிறகு எடுத்து, மிக மெல்லிய அழுத்தம் கொடுத்து அப்படியே நிறுத்துங்கள். சுண்டி இழுக்க வேண்டாம். ஒரு பக்கம் இழுக்கப்படும் விலங்கு மறுபக்கம் சாய்வது இயல்பான அனிச்சைச் செயல். ஆகவே நாய் முதலில் எதிர்க்கும். நீங்கள் அசையாமல் காத்திருந்தால் ஒரு கட்டத்தில் அது உங்கள் பக்கம் எடையை மாற்றும், கயிறு தளரும். அந்த நொடியில் ‘சபாஷ்’, தீனி. அழுத்தம் வந்தால் அதை நோக்கி நகர்ந்தால் தளரும் என்ற இந்த ஒரே பாடம்தான் பின்னால் தெருவில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அவசரப்பட்டு இதைத் தாண்டிச் செல்பவர்களே மாதங்கள் கழித்தும் தோள்வலியோடு நடக்கிறார்கள்.

கயிற்றின் வளையத்தைக் கட்டைவிரலில் கோத்து, உள்ளங்கையை மூடிப் பிடியுங்கள். மணிக்கட்டில் பல சுற்றுச் சுற்றிக்கொள்வது ஆபத்து. பெரிய நாய் பாய்ந்தால் விரல் எலும்பு முறியும். இரண்டாவது கை கயிற்றின் நடுவில் தளர்வாக இருக்கட்டும்.

நான்காம்படி: வாசல், படிக்கட்டு, லிஃப்ட்

நடை தெருவில் தொடங்குவதில்லை. கயிற்றை ஆணியிலிருந்து எடுக்கும் சத்தத்திலேயே தொடங்கிவிடுகிறது. துள்ளிக் குதிக்கும் நாய்க்குப் பட்டை மாட்டி, இழுத்துக்கொண்டே படி இறங்கினால் அந்த நடையின் தன்மை அங்கேயே முடிவாகிவிடும். நாய் நான்கு கால்களும் தரையில் இருக்கும்வரை காத்திருந்து மாட்டுங்கள். குதித்தால் எதுவும் பேசாமல் கயிற்றை மீண்டும் ஆணியில் தொங்கவிடுங்கள். கதவைக் கொஞ்சம் திறந்ததும் முண்டினால் மூடுங்கள். பின்வாங்கி உங்களைப் பார்த்தால் திறங்கள். வெளியே போவதே இங்கு பரிசு என்பதால் தீனிகூடத் தேவைப்படாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிஃப்டில் நாயை மூலையில் நிறுத்தி, தம் உடலால் மறைத்து நிற்பதும், யாராவது அஞ்சினால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பதும் பண்பு. தடையில்லாமல் நாய் வளர்க்கும் உரிமை பேசுவோருக்கு அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் சட்டத்தைவிடப் பெரிய துணை.

ஐந்தாம்படி: தெருவில் நிற்றலும் திரும்பலும்

முதல் சில வாரங்கள் நடையை ‘எவ்வளவு தூரம்’ என்று அளக்காதீர்கள். வீட்டின் முன்னுள்ள ஐம்பது அடித் தெருவே போதும். விதி ஒன்றுதான்: கயிறு தொய்வாக இருந்தால் நாம் முன்னேறுகிறோம், இறுகினால் நிற்கிறோம். நின்ற பிறகு நாயை அழைக்கவோ அதட்டவோ வேண்டாம். கையை உடலோடு சேர்த்துப் பிடித்து அசையாமல் நில்லுங்கள். அது திரும்பிப் பார்த்தாலோ ஓரடி பின்வந்தாலோ பாராட்டி, உங்கள் பக்கத்தில் தீனி கொடுத்து, மீண்டும் நடங்கள்.

சில நாய்களுக்கு நிற்பது எரிச்சலைக் கூட்டும். அவை கயிற்றையே கடிக்கத் தொடங்கும். அத்தகைய நாய்க்குத் திரும்பும் முறை பொருந்தும். கயிறு இறுகப் போகிறது என்று தெரியும் கணத்தில், அது இறுகும் முன்பே, ‘இப்படி வா’ என்று உற்சாகமாகச் சொல்லி எதிர்த்திசையில் நடங்கள்; வந்து சேர்ந்ததும் பரிசு கொடுத்துப் பழைய திசைக்குத் திரும்புங்கள். பார்ப்பவர்களுக்கு நீங்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதாகத் தோன்றும், பொருட்படுத்த வேண்டாம்.

இந்த முறை தோற்பதற்கு ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்தான்: சில வேளைகளில் இழுப்பு பலிக்கிறது. எப்போதாவது கிடைக்கும் பரிசு, எப்போதும் கிடைக்கும் பரிசைவிடப் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்கிறது. காலையில் நீங்கள் நின்று நின்று நடத்திய நாயை மாலையில் வேறொருவர் தொலைபேசியில் பேசியபடி இழுபட்டுக்கொண்டே கூட்டிச் சென்றால், அது இன்னும் வலுவாக இழுக்கவே கற்கும். எனவே வீட்டில் யார் யார் நாயை வெளியே அழைத்துச் செல்கிறார்களோ, சம்பளத்துக்கு வரும் பணியாளர் உட்பட, அனைவரும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும். நேரமில்லாத நாளில் பயிற்சி செய்ய முடியாது என்பது உண்மைதான். அதற்கு ஒரு வழி உண்டு: பயிற்சி நடைக்கு மார்பு வளையத்தையும் அவசர நடைக்கு முதுகு வளையத்தையும் பயன்படுத்துங்கள். இரண்டும் வெவ்வேறு சூழல் என்பதை நாய் பிரித்தறியும்.

தீனியைத் திடீரென நிறுத்தக் கூடாது. இரண்டு அடிக்கு ஒன்று என்றிருந்ததை ஐந்து அடி, பத்து அடி, ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்தது என்று நீட்டிச் செல்லுங்கள். புதிய தெருவுக்குப் போகும் நாளில் மீண்டும் இரண்டடிக்குத் திரும்புவது பின்னடைவன்று. நாய் ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்குத் தானாக எடுத்துச் செல்வதில்லை.

மோப்பம் பிடிக்க விடுங்கள்

மின்கம்பத்தின் அடியில் நாய் நின்றவுடன் ‘நட, நட’ என்று இழுப்பவர்களைப் பார்க்கையில், எதற்காக அதை அழைத்து வந்தார்கள் என்றே தோன்றுகிறது. அந்தத் தெருவில் எந்த நாய் எப்போது போனது, அது ஆணா பெண்ணா என்பதெல்லாம் அந்தக் கம்பத்தில் இருக்கிறது. மூக்கை வேலை வாங்கும் நாய் களைப்படைந்து, வீட்டில் அமைதியாகப் படுக்கும். மோப்பத்தையே பரிசாகவும் பயன்படுத்தலாம்: பத்தடி தொய்வாக நடந்தால் ‘தேடு’ என்று சொல்லிக் கம்பத்தை நோக்கி நீங்களே அழைத்துச் செல்லுங்கள். நாளடைவில் இது கோழித்துண்டைவிட மதிப்பு மிக்கதாகிவிடும். ஒரே எச்சரிக்கை, பிரியாணிக் கடைகளுக்கு அருகில் கிடக்கும் கோழி எலும்புகள். கண் எப்போதும் தரையில் இருக்கட்டும்.

தெருநாய்கள்

வெளிநாட்டுப் பயிற்சிக் காணொளிகளில் இல்லாத பாடம் இது. தெருநாய்க் கூட்டத்துக்கு எல்லை உண்டு; அந்த எல்லைக்குள் புது நாய் நுழைந்தால் குரைத்துக்கொண்டு ஓடிவரும், எல்லை தாண்டியதும் பெரும்பாலும் நின்றுவிடும். முதலில் நாயில்லாமல் தனியாக நடந்து, எந்தக் கூட்டம் எங்கே படுக்கிறது, எங்கே யார் சோறு வைக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டு பாதையை வகுப்பது பயன்தரும். உணவு வைக்கும் நேரத்தில் அந்த வழியே போகக் கூடாது. காது நுனி வெட்டப்பட்டிருப்பது, அந்த நாய்க்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டதன் அடையாளம். குட்டி ஈன்ற தாய்நாய் இருக்கும் தெருவைச் சில வாரங்களுக்கு முற்றிலும் தவிர்க்கவும்.

கூட்டம் எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் உங்கள் நாயின் மார்பு நிமிர்ந்து, மற்ற நாய்களுக்கு அது சவாலாகத் தெரியும். உங்கள் நாய்க்கும் அவற்றுக்கும் இடையில் நீங்கள் வந்து, நேராகப் பின்வாங்காமல் வளைவாக நடந்து விலகுங்கள். ஒரு கைப்பிடி தீனியை அவற்றை நோக்கி வீசினால் தப்பிக்க நேரம் கிடைக்கும். கைக்குடையைச் சட்டென்று விரிப்பது கம்பை ஓங்குவதைவிட நல்ல பலன் தருகிறது. சண்டை மூண்டுவிட்டால் இடையில் கையை விடாதீர்கள். தண்ணீரை ஊற்றுவதோ, பெருத்த சத்தம் எழுப்புவதோ மேல். உங்களுக்குக் கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். உங்கள் நாய் கடிபட்டிருந்தால், அது ஏற்கெனவே ஊசி போட்டதாக இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் நாயே மற்ற நாய்களைக் கண்டு குரைத்துப் பாய்கிறது என்றால், பிரச்சினை இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில் இருக்கிறது. எவ்வளவு தூரத்தில் அது மற்ற நாயைப் பார்த்தும் தீனியை வாங்கிக்கொள்கிறது என்று கண்டறியுங்கள். அதுதான் பயிற்சி நடக்கக்கூடிய தூரம். அங்கிருந்து பார்த்ததும் பரிசு, பார்த்ததும் பரிசு என்று தொடர்ந்து, வாரக்கணக்கில் மெல்ல நெருங்கலாம். தீனியை மறுத்தால் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

வெயில், மழை, வெடி

மே மாதத்துத் தார்ச்சாலை சூரியன் மறைந்த பின்னும் நெடுநேரம் சூடாகவே இருக்கும். புறங்கையை ஏழு விநாடி சாலையில் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. கோடையில் விடியும் வேளையே உகந்தது. எச்சில் கெட்டியாகி, ஈறு சிவந்து, நடை தள்ளாடினால் வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரண நீரை உடலில் ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் விரையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமியும், மின்பெட்டிகளின் அருகே மின்கசிவும் இருக்கக்கூடும். அந்த நாட்களில் மொட்டைமாடியே போதும். தீபாவளி வாரத்தில் ஹார்னெஸ், கழுத்துப்பட்டை இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டி, அதிகாலையிலேயே நடையை முடித்துவிட வேண்டும். எல்லாக் காலத்திலும் நடை முடிந்து வந்ததும் விரலிடுக்கு, காதுமடல், பட்டையின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

பொது இடத்துக் கடமைகள்

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகு, வளர்ப்பு நாய்களைப் பற்றிய பொதுமக்களின் பொறுமை குறைந்துவிட்டது. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். நாயால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராமல் காக்கத் தவறினால், இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பெரிய நாய் வளர்ப்பவர்கள் வாய்மூடியையும் ஹார்னெஸைப் போலவே தீனி வைத்துப் பழக்கிவிடுவது நல்லது. வாய் திறந்து மூச்சிரைக்கவும் நீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வகையே நடைக்கு ஏற்றது. துணியால் வாயை இறுக்கும் வகை, வெயிலில் நாயைக் கொன்றுவிடவும் கூடும். கழிவை அள்ளப் பழைய செய்தித்தாளும் ஒரு பையும் எப்போதும் உடன் இருக்கட்டும்.

ஏற்கெனவே இழுத்துப் பழகிய நாய்

நான்கைந்து வயதான நாயும் கற்கும். நாட்கள் கூடுதலாகும், அவ்வளவே. அதை முதலில் மருத்துவரிடம் காட்டி, இடுப்பிலோ முழங்காலிலோ வலி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு புதிய ஹார்னெஸ், புதிய கயிறு, முடிந்தால் புதிய பாதை. பழைய பொருள்களோடு பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே கிளம்பும் முன் மொட்டைமாடியில் பந்தை வீசியோ, தீனியைத் தரையில் சிதறித் தேடவிட்டோ அதன் முதல் வேகத்தைத் தணித்துவிட்டு இறங்கினால், முதல் நூறடி எளிதாகும். மனிதரைக் கண்டு உறுமுவது, கயிற்றைப் பிடித்திருப்பவரையே திரும்பிக் கடிப்பது போன்றவை இந்த வழிகாட்டியின் எல்லைக்கு வெளியே உள்ளவை. வலி தராத முறையில் பழக்கும் பயிற்சியாளரைத் தேடுங்கள். நாயை விடுதியில் விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்பவரைவிட, உங்கள் கையில் கயிற்றைக் கொடுத்து உங்கள் தெருவிலேயே கற்றுத்தருபவரைத் தேர்ந்தெடுங்கள்.